லேபிளில் 2600, உள்ளே எவ்வளவு? கமரா பற்றரியை வீட்டில் அளந்து பார்க்கும் முறை

கமரா பற்றரியின் மேல் அச்சடித்திருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை, அதாவது பற்றரி எவ்வளவு மின் கொள்ளும் என்று சொல்லும் எண்ணை, நம்பி ஒரு நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒரிஜினல் பற்றரி என்றால் அந்த எண் வாங்கிய புதிதில் உண்மை, சில வருடம் பாவித்த பிறகு இல்லை. வேறு கம்பனிப் பற்றரி என்றால் வாங்கிய அன்றைக்கே உண்மையா என்பது சந்தேகம்தான். கமராத் திரையில் தெரியும் பற்றரிக் கட்டத்தையும் முழுசாக நம்ப முடியாது. பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே வந்து, பாண்டிருப்பில் தீமிதி தொடங்கும் நேரம் பார்த்துச் சிவப்பாகும்.

கிழக்கிலங்கையில், எங்கள் பக்கத்தில் வீடியோ எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கண்ணகி அம்மன் சடங்கு இரவிரவாகப் போகும். வடமோடிக் கூத்து என்றால் விடியும்வரை ஆட்டம். கோயில் வெளியில் சார்ஜ் போட பிளக் தேடிக்கொண்டு நிற்க முடியாது. கையில் உள்ள ஐந்து பற்றரியில் எது எத்தனை நேரம் தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

செய்யப்போவது இவ்வளவுதான்: பற்றரியை முழுசாக சார்ஜ் பண்ணி, ஓர் அளவான சுமையைக் (மின்னை இழுக்கும் தடையியை) கொடுத்து, பாதுகாப்பான எல்லை வரை இறக்கி, எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணுவது. சாதாரண தரத்தில் படித்த ஓமின் விதி ஞாபகம் இருந்தால் போதும். ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன்.

முதலில் லேபிளை ஒழுங்காக வாசியுங்கள்

லேபிளில் மூன்று எண்கள் இருக்கும்: வோல்ற், எம்ஏஎச், வாற்-மணி. பலரும் நடுவில் உள்ளதை மட்டும்தான் பார்ப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டெஸ்ட் பண்ணாமலே சில பற்றரிகள் மாட்டிக்கொள்ளும். எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து வோல்ற்றால் பெருக்கினால் வாற்-மணி வர வேண்டும். கேனன் எல்பி-ஈ6என் பற்றரியில் 7.2 வோல்ற், 1865 எம்ஏஎச். பெருக்கினால் 13.4. லேபிளில் 14 என்று போட்டிருக்கிறார்கள், அது சரி. அதே வடிவத்தில் பெயர் தெரியாத ஒரு பற்றரி 2600 எம்ஏஎச், 14 வாற்-மணி என்று சொன்னால், 7.2 × 2.6 = 18.7. இரண்டு எண்ணில் ஒன்று பொய். எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு ஒப்பீடும் கையில் இருக்கட்டும். இந்த வடிவப் பற்றரி 2008இல் 5டி மார்க் 2 கமராவோடு வந்தபோது 1800 எம்ஏஎச். 2014இல் 1865. 2020இல் ஆர்5 கமராவோடு வந்த எல்பி-ஈ6என்எச் 2130. பன்னிரண்டு வருடத்தில் கேனன் அந்தப் பெட்டிக்குள் கூட்டியது 330 மட்டுமே. ஆகவே பாதி விலைக்கு 2600 என்று யாராவது தந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

டெஸ்ட் பண்ணவே கூடாத பற்றரிகள்

வயிறு ஊதியது, வெடிப்பு விழுந்தது, உப்புத் தண்ணீர் பட்டது. கமராவுக்குள் போட்டால் இறுக்கமாகப் போகிற பற்றரியும் ஊதியதுதான், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். கண்ணாடி மேசையில் வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். தட்டையாகக் கிடக்காமல் பம்பரம் போல் சுற்றினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

டிஸ்சார்ஜ் டெஸ்டர் ஒன்று, அதாவது பற்றரியை இறக்கிக்கொண்டே வெளியே வருவதை எண்ணும் கருவி. ஆரம்பிக்கிறவர்களுக்கு இசட்பி2எல்3 என்ற சின்னப் பலகை போதும், ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு 7.5 ஓம், 5 வாற் தடையிகளும் சேர்ந்து வரும். ரிமோட் கார் ஓட்டுகிற நண்பர் யாரிடமாவது ஐமக்ஸ் பி6 மாதிரி சார்ஜர் இருந்தால் அதிலும் டிஸ்சார்ஜ் வசதி உண்டு. ஆனால் அது வெறும் 5 வாற்தான் இறக்கும், ஆறுதலாகத்தான் முடியும்.

மல்டிமீற்றர் ஒன்று. தடித்த, கட்டையான வயர் கொஞ்சம். அத்தோடு பழுதான யூஎஸ்பி கமரா சார்ஜர் ஒன்று. இந்தக் கடைசிப் பொருள்தான் பலருக்கு விளங்காத இடம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பற்றரியோடு வயரை எப்படி இணைப்பது

கமரா பற்றரியின் முனைகள் பிளாஸ்டிக் இடுக்குக்குள் ஒளிந்திருக்கும். பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகுவது, குண்டூசி குத்துவது எல்லாம் வேண்டாம். ஒரு கிளிப் நழுவி மற்றதில் பட்டால் ஷோர்ட் ஆகி, கிளிப் சிவக்கும். முனையில் நேரே ஈயம் ஒட்டுவதும் கூடாது. சூடு உள்ளே போகும், முனையும் பாழாகும்.

சரியான வழி, அந்தப் பற்றரிக்கான பழைய சார்ஜர் ஒன்றில் பற்றரி உட்காரும் தட்டைப் பாவிப்பது. கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஃபோன் திருத்துகிற கடையில் கேட்டால் செத்த சார்ஜர் எங்காவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும். 230 வோல்ற் பிளக்கில் நேரடியாகச் செருகும் சார்ஜரை எடுக்காதீர்கள், அதன் உள்ளே உள்ள கொள்ளளவி பிளக்கைக் கழற்றிய பிறகும் அடிக்கும். யூஎஸ்பியில் ஓடும் 5 வோல்ற் சார்ஜர் என்றால் அந்தப் பயம் இல்லை. மூடியைத் திறந்து, ஸ்பிரிங் முனைகள் பலகையோடு சேரும் இடத்தில் வெட்டி, + முனைக்குச் சிவப்பு வயரும் − முனைக்குக் கறுப்பு வயரும் ஈயம் வைத்து ஒட்டுங்கள். பற்றரியில் + − அடையாளம் முனைக்குப் பக்கத்திலேயே புடைப்பாக இருக்கும். நடுவில் உள்ள மற்ற முனைகள் வெப்பநிலையையும் தகவலையும் கமராவுக்குச் சொல்வதற்கு, அவற்றைத் தொட வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் பற்றரியைத் தட்டில் வைத்து மல்டிமீற்றரால் வயர் நுனியில் அளந்து பாருங்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வயர் மாறிவிட்டது.

எல்ஈடி லைட்டுக்குப் போடும் சோனி என்பி-எஃப் வகைப் பற்றரிக்கு இவ்வளவு பாடு இல்லை. வயர் வெளியே வந்த தட்டுத் தனியாகவே விற்கிறார்கள்.

தடையியில் ஒரு கணக்கு

டெஸ்டரோடு வந்த 7.5 ஓம் தடையி ஒன்றை மட்டும் மாட்டினால் என்ன ஆகும் பாருங்கள். கமரா பற்றரிக்குள் இரண்டு செல் தொடராக இருக்கின்றன, முழுச் சார்ஜில் 8.4 வோல்ற். 8.4 ஐ 7.5 ஆல் வகுத்தால் 1.12 அம்பியர். வலு 9.4 வாற். 5 வாற் தடையி அதைத் தாங்காது, மணம் வரும். வீடியோக்களில் ஒரு தடையியோடு காட்டுவது 18650 என்ற உருளைப் பற்றரி மாதிரி ஒற்றைச் செல்லுக்கு. நாங்கள் இரண்டையும் தொடராக இணைக்க வேண்டும்: 15 ஓம், ஆரம்பத்தில் 0.56 அம்பியர், ஒவ்வொரு தடையியிலும் ஏறத்தாழ 2.4 வாற். அப்போதும் நன்றாகச் சுடும், கை வைக்காதீர்கள்.

இந்த அம்பியர் அளவு வேறொரு வகையிலும் வசதி. லித்தியம் பற்றரியின் கொள்ளளவை ஐந்து மணித்தியாலத்தில் இறங்கும் வேகத்தில் அளப்பதுதான் சர்வதேச நியமம். 1865 எம்ஏஎச் பற்றரிக்கு அது 0.37 அம்பியர். நாங்கள் கொடுப்பது சராசரியாக 0.49 வரும். பெரிய வித்தியாசம் இல்லை, லேபிளோடு நியாயமாக ஒப்பிடலாம்.

இனி டெஸ்ட்

பற்றரியை அதற்குரிய சார்ஜரில் போடுங்கள். பச்சை லைட் வந்ததும் பிடுங்காமல் இன்னும் அரை மணி, ஒரு மணி நேரம் விடுங்கள், சில சார்ஜர்கள் அவசரப்பட்டுப் பச்சை காட்டும். பிறகு கழற்றி ஒரு மணி நேரம் ஆற விட்டு வோல்ற் பாருங்கள். 8.3க்கு மேல் இருந்தால் நல்லது. 8.1 தான் வருகிறது என்றால் பற்றரியைக் குறை சொல்லாமல் முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

டெஸ்டரில் நிறுத்தும் வோல்ற்றை 6.0 என்று வையுங்கள், அதாவது ஒரு செல்லுக்கு 3.0. இதை நீங்களே வைக்க வேண்டும், தானாக எடுக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இன்னும் கீழே இறக்கினால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம், பற்றரிக்கு வரும் கேடு அதிகம்.

தொடங்கிய பிறகு திரையில் வோல்ற், அம்பியர், அம்பியர்-மணி மூன்றும் மாறி மாறி வரும். நல்ல பற்றரி என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். டைல்ஸ் தரையில் வைத்து, தடையிகளைச் சீலைக்கும் பாய்க்கும் தூரமாக வைத்து, நீங்களும் அதே அறையில் இருங்கள். பற்றரி இளஞ்சூடாக வருவது சாதாரணம். பிடிக்க முடியாத சூடு என்றால் உடனே கழற்றுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? டெஸ்டருக்கு வெளியிலிருந்து 5 வோல்ற் வேண்டும், நடுவில் நின்றால் எண்ணிக்கையை நம்ப முடியாது. பவர் பாங்கில் போடலாம் என்று தோன்றும், ஆனால் இந்தப் பலகை எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பாங்குகள் தாமாகவே நின்றுவிடும். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ் வீட்டில் இருந்தால், அதில் 5 வோல்ற் வெளியீடும் இருந்தால், அதுதான் இதற்குத் தோது.

முடிந்ததும் திரையில் 1.612 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தால் பெருக்கினால் 1612 எம்ஏஎச். லேபிள் 1865 என்றால் 86 சதவீதம். சுமையை எடுத்ததும் வோல்ற் மெல்ல மெல்ல மேலே ஏறும். மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி தொடங்கி அந்த எண்ணையும் கூட்டாதீர்கள், அது கணக்கில் சேராது. நாட்கணக்கில் சும்மா கிடந்த பற்றரி என்றால் இன்னொரு முறை சார்ஜ் பண்ணி அளந்து, இரண்டாவது எண்ணை எடுங்கள்.

எண்ணை எப்படி விளங்கிக்கொள்வது

90க்கு மேல் என்றால் புதுசு மாதிரி. 80 வரை நம்பி வேலைக்குக் கொண்டுபோகலாம். 80க்குக் கீழே போனால் தேய்ந்த பற்றரி என்றே கணக்கு, மேலதிகமாகப் பைக்குள் கிடக்கட்டும். 60க்குக் கீழ் என்றால் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அதை எடுக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு விசித்திரம் சில பற்றரிகளில் நடக்கும். 6.4, 6.3 என்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பூச்சியத்துக்கு விழும். உள்ளே உள்ள இரண்டு செல்லில் ஒன்று மற்றதை விடப் பலவீனம். அது தன் எல்லையை முதலில் தொட்டதும் பாதுகாப்புச் சுற்று முழுப் பற்றரியையும் வெட்டிவிடுகிறது. மற்றச் செல்லில் சார்ஜ் இருந்தும் பிரயோசனம் இல்லை. கமராவில் பாதிக் கட்டத்திலிருந்து ஒரேயடியாக அணைகிற பற்றரிகளில் பல இந்த ரகம். இதற்கு வைத்தியம் கிடையாது.

எம்ஏஎச் நன்றாக இருந்தும் வீடியோ ஓடவிட்டால் சீக்கிரம் படுத்துவிடும் பற்றரியும் உண்டு. அது அகத்தடைப் பிரச்சினை, அதாவது பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடை கூடிவிட்டது. உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் மதகு அடைபட்டுக் கிடந்தால் வயலுக்கு வராது. இதை அளப்பது லேசு: சுமை இல்லாமல் பற்றரி முனையில் வோல்ற் பாருங்கள், சுமை கொடுத்து ஒரு நிமிடத்தில் மறுபடி பாருங்கள். 8.30 ஆக இருந்தது 8.17 ஆனால் விழுந்தது 0.13. ஓடும் மின்னோட்டம் 0.54 என்றால், 0.13 ஐ 0.54 ஆல் வகுக்க 0.24 ஓம். இந்த எண்ணைத் தனியாக வைத்து நல்லது கெட்டது சொல்லக் கடினம். உங்களிடம் உள்ள நல்ல பற்றரியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதைப்போல் இரண்டு மடங்கு வந்தால் அந்தப் பற்றரி வீடியோவுக்கு உதவாது, ஃபோட்டோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேனன் கமராவின் பற்றரித் தகவல் மெனுவில் மூன்று பச்சைக் கட்டம் காட்டும், நிகோனில் 0 இலிருந்து 4 வரை வயது காட்டும். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அது பற்றரிக்குள் இருக்கும் சிப் சொல்வது. போலிப் பற்றரியில் சிப்பும் போலிதான்.

யூஎஸ்பி மீற்றரால் அளந்தால் போதாதா?

சார்ஜ் ஏறும்போது யூஎஸ்பி மீற்றரில் 3100 எம்ஏஎச் போனது, ஆகவே பற்றரி 3100 என்று சிலர் சொல்வார்கள். அந்த 3100 என்பது 5 வோல்ற்றில் எண்ணியது. 15.5 வாற்-மணி. சார்ஜரில் சூடாகப் போவதை 15 சதவீதம் என்று கழித்தால் 13.2. அதை 7.2 ஆல் வகுத்தால் 1830 எம்ஏஎச், சாதாரண எல்பி-ஈ6என் அளவு. டெஸ்டர் இல்லாத நேரம் உத்தேசமாகப் பார்க்க இந்த வழி உதவும், ஆனால் வாற்-மணியில் கணக்குப் போட்டால் மட்டும்.

டெஸ்ட் முடிந்த பிறகு

6 வோல்ற்றில் இறங்கிய பற்றரியை அப்படியே அலுமாரிக்குள் போடாதீர்கள், அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். உடனே பாவிக்கப் போவதில்லை என்றால் 7.6 வோல்ற் அளவில், அதாவது பாதியில் நிறுத்தி வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து வெயிலில் விடுவது எந்த டெஸ்டையும் விடக் கெடுதல்.

ஒவ்வொரு பற்றரியிலும் சின்ன டேப் ஒட்டி இலக்கம், அளந்த மாதம், கிடைத்த எம்ஏஎச் மூன்றையும் மார்க்கரால் எழுதுங்கள். வைகாசிச் சடங்குகள் தொடங்குவதற்கு முன் வருடம் ஒருமுறை அளந்து பழைய எண்ணுக்குக் கீழே புதியதை எழுதினால் எது வேகமாகத் தேய்கிறது என்று தெரிந்துவிடும். ஒதுக்கிய பற்றரிகளின் முனைகளை டேப்பால் மூடி, வீட்டுக் குப்பையோடு எரிக்காமல் மின்கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். வயர் ஒட்டிய அந்தச் சார்ஜர் தட்டை மட்டும் எறிந்துவிடாதீர்கள், அடுத்த வருடமும் வேண்டும்.