காலில் திரும்பத் திரும்ப வரும் தடம்: சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஒரு சாக்பீஸ் வழி

என் இடது கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பு புடைத்திருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு தடம். இரண்டு மாதமாக வந்து வந்து போனது. மூன்று களிம்பு வாங்கினேன். தடவிய மறுநாளே மறையும், மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதியாக இருப்பேன், பிறகு அதே இடத்தில் மறுபடி நிற்கும். கடைசியில் என் அக்காதான் கேட்டாள்: “தம்பி, இது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் வருகிறது, கவனித்தாயா?”

ஞாயிறு என்றால் பூசை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் தெரு முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள். நாற்காலி அதில் கடகடவென்று ஓடும்போது என் கால் தானாக வெட்டி இழுக்கும். இழுத்த கால், நாற்காலியில் பாதம் வைக்கும் பலகையை விட்டு நழுவி எதிலோ போய் இடிக்கிறது. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, அதனால் இடிப்பது தெரியாது. ஒரே இடத்தில் திரும்பி வரும் தடத்துக்குப் பெரும்பாலும் தோலில் குற்றம் இருக்காது. அந்த இடத்தைத் தொடுகிற பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிப்பது எப்படி என்று புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: பார்ப்பது

காலையில் காலணி போடுவதற்கு முன் ஒரு முறை, இரவு கழற்றியதும் ஒரு முறை. குதிகாலின் பின்புறம், கணுக்காலின் இரு பக்கம், சுண்டுவிரலின் அடிப்பகுதி, விரல் நுனிகள், விரல் இடுக்குகள், வார் படும் புறங்கால். அடிப்பாதம் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். பெரிதாகிறதா சிறிதாகிறதா என்பதை நாணயம் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: அழுத்துவது

தடத்தின்மேல் விரலை வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். நிறம் வெளுத்துப் பிறகு திரும்பினால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் அது அழுத்தப் புண்ணின் முதல் கட்டம். தோல் கிழியாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆனால் புத்தகங்களில் ‘சிவந்திருக்கும்’ என்று எழுதியிருப்பது வெள்ளைத்தோல்காரர்களுக்கு. நம் ஊர் வெயிலில் கறுத்த காலில் சிவப்பைத் தேடினால் கிடைக்காது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ ஊதாவாகவோ தெரியும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: மற்றக் காலின் அதே இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அதுவும் அடையாளம்தான். அழுத்தம் நீங்கி அரை மணி நேரம் ஆகியும் தடம் போகாவிட்டால், அது முழுதாக மறையும்வரை அந்த இடத்தில் எதுவும் படக் கூடாது.

மூன்றாம் படி: நாள்காட்டி

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டித் தாளே போதும். தடம் வந்த நாளில் எந்தக் காலணி, எங்கே போனேன், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்று வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும்.

நான்காம் படி: சாக்பீஸ்

பள்ளிக்கூடத்து நீலச் சாக்பீஸ் ஒன்று, வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி. நாற்காலியில் உட்காருவதற்கு முன், காலுக்கு எட்டும் ஒவ்வொரு பகுதியிலும் சாக்பீஸை அழுத்தித் தேயுங்கள்: கால்பலகையின் விளிம்பு, பலகையைத் தாங்கும் குழாய், போல்ட் தலைகள், குதிகாலுக்குப் பின்னால் உள்ள வார், முன்சக்கரத்தின் கவை. காலுறையோடு வழக்கம்போல் ஒரு நாள் ஓட்டுங்கள். காலணியைத் தவிர்த்துச் சோதிப்பதால் அன்று மேடுபள்ளத்தில் வேகம் வேண்டாம், கூட ஒருவர் இருக்கட்டும். சாயங்காலம் காலுறையைக் கழற்றாமல் விளக்கடியில் பாருங்கள். (சுண்ணாம்பைத் தடவிவிடாதீர்கள், தோலை அரித்துவிடும்.)

என் காலுறையில், தடத்தின் மேலேயே, ஆறு மூலையுள்ள ஒரு நீல முத்திரை விழுந்திருந்தது. போல்ட் தலை! கால்பலகைக் குழாயை இறுக்கும் போல்ட். உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பிடி தளர்ந்து, பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருந்தது. இறங்கியதால் பாதம் பலகையில் படியாமல் தொங்கியது. தொங்கியதால் வெட்டி இழுத்தபோது நேராகப் போல்டில் போய் இடித்தது. இரண்டு மாதக் களிம்புச் செலவுக்கு ஒரு நட்டுதான் காரணம்.

ஐந்தாம் படி: சரிசெய்வது

பலகையின் உயரம் முக்கியம். உட்கார்ந்திருக்கும்போது தொடை முழுவதும் மெத்தையில் படிய வேண்டும், பாதம் முழுவதும் பலகையில் படிய வேண்டும். பலகை உயர்ந்துவிட்டால் முழங்கால் மேலே வந்து பாரமெல்லாம் உட்காரும் எலும்பில் இறங்கும், அங்கே புண் வந்தால் இதைவிடப் பத்து மடங்கு துன்பம். தாழ்ந்துவிட்டால் கால் தொங்கும். தரைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும், இல்லையென்றால் வேகத்தடையில் தட்டும். துருப்பிடித்த போல்டை மாற்றச் சைக்கிள் கடையே போதும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் என்று கேட்டு வாங்குங்கள், இந்தக் கரையில் மற்றது நிலைக்காது. இடிக்கும் தலையின்மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிடலாம்.

காலணி அரை அளவு பெரியதாக இருக்கட்டும். பகலெல்லாம் தொங்கும் கால் மாலையில் வீங்கும், காலையில் சரியாக இருந்த வார் மாலையில் வெட்டும். காலுறையின் ரப்பர் தடம் ஆழமாகப் பதிந்தால் அதுவும் இதே கணக்குத்தான். காலணியைப் போடும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். நம் கரையில் மணல் புகாத காலணி கிடையாது, கருவேல முள்ளுக்கும் அடி தடிமன் ஒரு பொருட்டில்லை. வியர்வையோடு சேர்ந்த மணல் காலுறைக்குள் உப்புத்தாள்தான். வெயிலில் நிறுத்திய நாற்காலியின் இரும்புப் பலகையில் வெறுங்காலை வைக்காதீர்கள். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பாம்பனில் எனக்குத் தெரிந்த ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கிழிந்த வலை தைக்கிறார். அவருக்குக் கால் பெருவிரல் இடுக்கில் கோடு போட்டதுபோல் தடம். சாக்பீஸே தேவைப்படவில்லை. வலையை இழுத்துப் பிடிக்கப் பெருவிரலில் மாட்டுவது கைவந்த பழக்கம், விபத்துக்குப் பிறகும் விடவில்லை. நைலான் இழை அறுப்பது அவருக்குத் தெரியவில்லை. இப்போது நாற்காலிக் கைப்பிடியில் ஒரு கொக்கி மாட்டியிருக்கிறார்.

படுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைக் காற்றில் விடுங்கள். தடத்தைத் தேய்த்து விடுவது, சுடுநீர் ஒத்தடம், நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் மூன்றும் வேண்டாம். பாட்டிமார் நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள், ஆனால் மூன்றும் கெடுதல் செய்யும்.

எப்போது மருத்துவமனை

கொப்புளம், தோல் உரிதல், கறுத்த பொருக்கு, நீர் வடிதல், நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றே போங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சின்னக் கொப்புளத்துக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடானால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே போக வேண்டும். முதுகுத்தண்டில் டி-6 (மார்புப் பகுதியின் ஆறாவது முதுகெலும்பு மட்டம்) அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு, இறுக்கமான காலணியும் உள்ளே வளைந்த நகமும்கூட இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். தலை வெடிக்கும் வலி, முகத்தில் வியர்வை என்றால் நிமிர்ந்து உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 108 ஐ அழையுங்கள். புண் கட்டவோ உடற்பயிற்சிக்கோ வெளியே போக முடியாதவர்கள், 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

போல்டை மாற்றி, கால் நழுவாமலிருக்கக் குதிகாலுக்குப் பின்னால் புது வார் ஒன்றும் கட்டினேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அக்கா காலுறையைக் கழற்றினாள். கணுக்காலில் ஒன்றுமில்லை. குதிகாலைத் திருப்பிப் பார்த்தவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்து வந்தாள்.