பிள்ளைகளுக்கு வரலாற்றுக் கதை தேர்ந்தெடுப்பது எப்படி? நாவலும் நிஜமும் ஜோடியாக

"இது நிஜமா நடந்துச்சா?" வரலாற்றுக் கதை படிக்கும் எந்தப் பிள்ளையும் சில பக்கங்களிலேயே இதைக் கேட்டுவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வகையில் புத்தகங்களை அடுக்குவதுதான் இந்தச் செய்முறை. என் அக்கா மகளுக்கு வாசிப்புப் பட்டியல் போட்டுக் கொடுக்க உட்கார்ந்தபோது உருவானது. பத்து முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: காலத்தை அல்ல, ஒரு சம்பவத்தைப் பிடியுங்கள்

'இரண்டாம் உலகப் போர்' என்பது பிள்ளைக்கு மிகப் பெரியது. '1943 அக்டோபரில் டென்மார்க்கின் யூதர்கள் நாஜி ஜெர்மனியிடமிருந்து படகில் தப்பியது' என்பது கையில் அடங்கும். அவ்வளவுதான், அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரு நாவல், ஒரு நிஜக் கதை

நாவல் அந்தக் காலத்துக்குள் ஆளை இழுத்துப் போடும். நிஜக் கதை அங்கே உண்மையில் வாழ்ந்த ஒருவரைக் காட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுங்கள். நாவல்தான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் முதலில் பரிந்துரைக்கும் ஜோடி இது. நாவல், லோயிஸ் லவ்ரி எழுதிய 'நம்பர் தி ஸ்டார்ஸ்' (1989). கோபன்ஹேகனில் ஆன்மரி என்ற பத்து வயதுச் சிறுமியின் குடும்பம், அவளுடைய யூதத் தோழி எல்லனைக் காப்பாற்றுகிறது. நிஜக் கதை, ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. ஆம்ஸ்டர்டாமில் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஒளிந்திருந்தபோது அவள் எழுதியது. டென்மார்க்கிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கடல் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். ஆம்ஸ்டர்டாம் மறைவிடத்தில் இருந்த எட்டுப் பேரில் போருக்குப் பின் உயிரோடு திரும்பியவர் ஆனின் அப்பா ஓட்டோ மட்டும். எதிரி ஒன்றுதான், நாஜி ஜெர்மனி. ஆனால் இரண்டு நாடுகளில் முடிவு இவ்வளவு வேறுபட்டது ஏன் என்று பிள்ளையே யோசிக்கத் தொடங்கும். அதற்காகவே இந்த ஜோடியை முதலில் வைக்கிறேன்.

இந்தியப் பிரிவினைக்கு, வீரா ஹிரானந்தானியின் 'தி நைட் டைரி' (2018). பன்னிரண்டு வயது நிஷா இறந்துபோன தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதாகவே கதை முழுக்கப் போகிறது. அவள் ஊர் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மீர்பூர் காஸ். ஆசிரியரின் அப்பா குடும்பம் அங்கிருந்து வந்ததுதான். இதற்கு இணையாகப் புத்தகத்தை விட நேரில் வாழ்ந்தவர்களின் குரலே சிறந்தது என்பேன். '1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்' அப்படிப்பட்ட வாய்மொழி நினைவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவர் முதலில் கேட்டுவிட்டு, பிள்ளைக்குத் தகுந்ததைத் தேர்ந்து கொடுங்கள்.

படி 3: கடைசிப் பக்கத்தை முதலில் திறங்கள்

நேரம் அதிகம் பிடிப்பது இந்தப் படிதான். விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் வீண். அட்டையில் 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று இருந்தால் நமக்கு எதுவும் தெரிந்துவிடாது. எந்த அளவுக்கு உண்மை, எங்கே கற்பனை என்பது பெரும்பாலும் பின்பக்கத்து ஆசிரியர் குறிப்பில்தான் இருக்கும்.

லவ்ரியின் நாவல் இதற்கு நல்ல மாதிரி. கதையில் ஒரு கைக்குட்டை வருகிறது. நாஜிகளின் மோப்ப நாய்களின் மூக்கைச் செயலிழக்க வைக்க அதில் ஏதோ தடவியிருப்பார்கள். படிப்பவருக்குக் கற்பனை மாதிரிதான் தோன்றும். ஆனால் முயலின் காய்ந்த ரத்தமும் கோகெயினும் கலந்து அப்படி ஒரு கலவையை உண்மையிலேயே பயன்படுத்தினார்கள் என்று ஆசிரியர் குறிப்பில் எழுதுகிறார். ஆன்மரியின் குடும்பம் கற்பனை, கைக்குட்டை நிஜம். இப்படி நேர்மையாகப் பிரித்துச் சொல்லும் ஆசிரியரைக் கண்டால் அவருடைய மற்றப் புத்தகங்களையும் தேடிப் பிடியுங்கள்.

எல்லாப் புத்தகமும் இவ்வளவு வசதியாக இருக்காது. எலனோர் கோர் எழுதிய 'சடாகோ அண்ட் தி தவுசண்ட் பேப்பர் கிரேன்ஸ்' (1977) உலகம் முழுக்கப் பள்ளிகளில் படிக்கப்படுவது. சடாகோ சசாகி நிஜமான சிறுமி. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஜப்பானின் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 1955 அக்டோபரில், பன்னிரண்டு வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் குணமாகும் என்று நம்பி அவள் 644 மடித்ததாகவும், மீதியைத் தோழர்கள் மடித்து முடித்ததாகவும் கதை சொல்கிறது. ஆனால் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் அவளுடைய அண்ணனும் சொல்வது வேறு: அவள் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள்.

பல பெற்றோர் இந்த இடத்தில் திகைத்துப்போய்ப் புத்தகத்தையே ஒதுக்கிவிடுகிறார்கள். வேண்டாம். 'கதையில் இப்படி, நிஜத்தில் அப்படி. எழுத்தாளர் ஏன் மாற்றியிருப்பார்?' என்று பிள்ளையிடமே கேளுங்கள். முடிக்காமல் போன சோகம் கதைக்கு வேண்டியிருந்தது. நிஜமான சடாகோவோ முடித்த பிறகும் மடிப்பதை நிறுத்தவில்லை. எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சை அடைக்கிறது.

கதையோடு ஒட்டிக்கொண்டு வரும் வதந்திகளையும் இந்தப் படியிலேயே சரிபார்த்துவிடலாம். டென்மார்க் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் யூதர்களுக்கு ஆதரவாக, யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியச் சொன்ன மஞ்சள் நட்சத்திரத்தைத் தானே அணிந்தார் என்று அடிக்கடி சொல்வார்கள். அது நடக்கவில்லை. டென்மார்க்கில் அப்படி அணியச் சொல்லும் உத்தரவே வரவில்லை. அவர் காவலர் இல்லாமல் குதிரையில் நகரத்தைச் சுற்றி வந்தது மட்டும் உண்மை.

தமிழில் 'பொன்னியின் செல்வன்' இந்தப் பயிற்சிக்கு அருமையான களம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. வந்தியத்தேவன் நிஜம், தஞ்சைக் கல்வெட்டு அவரைக் குந்தவையின் கணவராகச் சொல்கிறது. ரவிதாசனும் நிஜம், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடும் பெயர்களில் அவன் பெயரும் இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனை. ஐந்து பாகம் என்பதால் சின்னவர்களுக்கு முதலில் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் அதில் வரும் நிஜ மனிதர். சோழ இளவரசன் விக்கிரமன் கற்பனை.

படி 4: எந்தப் பதிப்பு?

ஒரே உண்மைக் கதை பல உருவத்தில் கிடைக்கும். மலாவி நாட்டில் 2001-02 பஞ்சத்தின்போது கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்ட வில்லியம் காம்குவாம்பா, நூலகப் புத்தகத்தைப் பார்த்துக் காற்றாலை கட்டி வீட்டுக்கு மின்சாரம் கொண்டுவந்தார். அவருடைய 'தி பாய் ஹூ ஹார்னஸ்டு தி விண்ட்' பெரியவர்களுக்கு 2009-லும், படப் புத்தகமாக 2012-லும், இளையோர் பதிப்பாக 2015-லும் வந்தது. வாங்கும் முன் எது என்று பாருங்கள். படக் கதை மெலிந்தது என்று ஒதுக்காதீர்கள், சைக்கிள் சட்டத்தில் காற்றாலை செய்ததைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

படி 5: இரண்டாகப் பிரித்த நோட்டு

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். நடுவில் ஒரு கோடு. இடப் பக்கம் 'நிஜம்', வலப் பக்கம் 'கற்பனை'. படிக்கும்போது பிள்ளை ஊகித்து எழுதட்டும், முடித்த பிறகு ஆசிரியர் குறிப்பை வைத்துத் திருத்தட்டும். செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துத் திருத்திய எழுத்து காகிதத்தில் நிற்கிறது, செயலியில் மறைந்துவிடுகிறது. கூடவே ஒரு வரைபடம் வேண்டும், அதுவும் அந்தக் காலத்து வரைபடம். இந்தியா, பாகிஸ்தான் எல்லை 1947 ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியிடப்பட்டது, சுதந்திரம் கிடைத்த பிறகு. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு நிஷாவின் குழப்பம் புரியாது.

பின்சேர்க்கை: 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பஜாமாஸ்' ஏன் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். நாஜி அதிகாரியின் மகன் ஒருவன், முகாம் வேலிக்கு அப்பால் இருக்கும் யூதச் சிறுவனோடு நட்பாகும் நாவல் அது. தெரிந்தே விட்டேன். நாஜிகளின் கொலை முகாமான அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் வந்திறங்கியதுமே நச்சுவாயு அறைகளில் கொல்லப்பட்டார்கள். வேலியில் மின்சாரம் பாய்ந்தது. வேலியோரம் ஒரு சிறுவன் தினம் உட்கார்ந்து பேசும் நட்புக்கு அங்கே இடமே இல்லை. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்க்க வேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவகமே 2020-ல் சொன்னது. ஏற்கெனவே படித்துவிட்ட பிள்ளையாக இருந்தால் திட்ட வேண்டாம், அடுத்து ஆன் ஃபிராங்கைக் கொடுங்கள்.

இன்னொரு கேள்வி, ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைக்கு என்ன செய்வது என்பது. முதலில் நூலகத்தில் மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாவலை நீங்கள் வாசித்து, அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லுங்கள். நோட்டில் எழுதும் வேலை மட்டும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.