சிவப்பு இராட்சத நட்சத்திரத்தின் அதிர்வைக் கொண்டு அதன் கோளை அளப்பது எப்படி?

வெள்ளவத்தை மொட்டைமாடியில் நின்றால் தெருவிளக்குக்கும் முகிலுக்கும் தப்பிய சில நட்சத்திரங்கள்தான் தெரியும். பரவாயில்லை, இந்த வேலைக்கு வானம் தெளிய வேண்டியதில்லை. கெப்ளர் விண்தொலைநோக்கியின் ஒளி அளவீடுகள் எல்லாருக்கும் இலவசம். உயர்தரப் பௌதிகவியலும் கொஞ்சம் பைதனும் போதும்.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். அதிர்வு கோளைக் காட்டாது. கோள் குறுக்கே போகும்போது குறையும் ஒளிதான் அதைக் காட்டும். ஆனால் அந்தக் குறைவு, கோளின் ஆரை நட்சத்திரத்தின் ஆரையில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்லும். நட்சத்திரத்தை அளக்காமல் கோளை அளக்க முடியாது. வயதாகி ஊதிப்போன நட்சத்திரங்களில் மேற்காவுகை கிளப்பும் அதிர்வுகள் பெரியவை. அவற்றை வைத்து ஆரையையும் திணிவையும் எடுக்கலாம்.

படி 1. கூகுள் கொலாப்பைத் திறந்து லைட்கேர்வ் என்ற பைதன் நிரல்தொகுப்பை நிறுவுங்கள். சொந்தக் கணினியில் மினக்கெட வேண்டாம். கொலாப்பில் கோப்புகள் கூகுளின் கணினிக்கே இறங்குவதால் உங்கள் டேட்டாவும் மிஞ்சும். கே.ஐ.சி. 8219268 என்று தேடுங்கள். அதுதான் கெப்ளர்-91, நாம் அளக்கப்போகும் சிவப்பு இராட்சதம். அரை மணிநேர இடைவெளித் தரவு முழுவதையும் இறக்கி ஒட்டுங்கள்.

படி 2. பலர் சிக்குவது இங்கேதான். லைட்கேர்வில் 'பிளாட்டன்' (தட்டையாக்கு) என்ற பெயரில் இரண்டு கட்டளைகள் உண்டு: ஒன்று ஒளி வளையிக்கு (நேரத்தோடு ஒளி மாறும் வரைபு), மற்றது மீடிறன் வரைபுக்கு (எந்த மீடிறனில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபு). ஒளி வளையிக்கானது, நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் 101 புள்ளிகளை, அதாவது சுமார் இரண்டு நாளை, ஒரு சாளரமாக எடுத்து மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கும். கெப்ளர்-91-இன் கோள் நட்சத்திரத்தைக் கடக்கவோ பத்து மணிநேரத்துக்கு மேல் எடுக்கும். அந்தப் பள்ளத்தையும் மெதுவான மாற்றம் என்று நினைத்து ஒரு பகுதியை நிரப்பிவிடும். கோள் சிறுத்துவிடும். அதிர்வின் ஆவர்த்தன காலம் வெறும் இரண்டரை மணிநேரம் என்பதால் மீடிறன் வரைபு அழகாகவே இருக்கும். பிழை கண்ணில் படாது.

அதனால் இரண்டு பிரதிகள் வைத்திருங்கள். அதிர்வுக்கான பிரதியில் கோள் கடக்கும் பகுதிகளை (6.25 நாளுக்கு ஒருமுறை வரும்) வெட்டிவிடுங்கள். மற்றதில் அந்தப் பகுதிகளை 'மாஸ்க்' செய்துவிட்டு (கணக்கில் சேராமல் மறைத்துவிட்டு), அகலமான சாளரத்துடன் தட்டையாக்குங்கள்.

படி 3. முதல் பிரதியை மீடிறன் வரைபாக்கி, மீடிறன் வரைபுக்கான பிளாட்டனால் பின்னணியை நீக்குங்கள். 109 மைக்ரோஹேர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழும். அதற்குள் சீப்புப் பற்கள்போல் உச்சிகள். ஒத்த உச்சிகளுக்கு இடையே சுமார் 9.4 மைக்ரோஹேர்ட்ஸ். கட்டளை தரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், வரைபைப் பெரிதாக்கி இடைவெளியைக் கண்ணாலும் பாருங்கள்.

படி 4. சூரியனின் மதிப்புகளோடு ஒப்பிடுவதுதான் மிச்சம்:

ஆரை = (109/3090) ÷ (9.4/135.1)² × √(4550/5777)

4550 என்பது கெல்வினில் நட்சத்திரத்தின் மேற்பரப்பு வெப்பநிலை. 3090, 135.1, 5777 ஆகியவை சூரியனின் அதே அளவுகள். விடை கிட்டத்தட்ட 6.5 சூரிய ஆரை. விரிவான மாதிரிகளோடு வெளியான மதிப்பு 6.3. இவ்வளவு எளிய சூத்திரம் இவ்வளவு நெருங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஒளி குறைவது ஏறக்குறைய 0.05 வீதம், அதாவது 0.0005, அதன் வர்க்கமூலத்தால் ஆரையைப் பெருக்கினால் வியாழனைப்போல் சுமார் 1.4 மடங்கு ஆரையுள்ள கோள்.

பின்சேர்க்கை: உபஇராட்சத (இராட்சதமாக இன்னும் முழுதாய் ஊதாத) நட்சத்திரம் ஒன்றில் மேடே வரவில்லை என்று கருத்துப்பெட்டியில் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். அரை மணிநேரத் தரவில் 283 மைக்ரோஹேர்ட்ஸுக்கு மேல் சரியாகப் பார்க்க முடியாது. உபஇராட்சதங்களின் மேடு பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் இருக்கும். 2019இல் அறிவிக்கப்பட்ட டி.ஓ.ஐ.-197 என்ற உபஇராட்சதத்தில் அது 430 அருகே. டெஸ் தொலைநோக்கியின் இரண்டு நிமிடத் தரவு இருந்ததால்தான் பிடிபட்டது. ஆகவே தேடும்போதே குறுகிய இடைவெளித் தரவு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு நட்சத்திரத்தை எடுங்கள்.