மின்சாரம் குறைவாக இழுக்கும் வீட்டுச் சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குச் சித்திரை மாத இரவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் நள்ளிரவு வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மின்விசிறி நிற்காமல் சுற்றும், பிரிட்ஜ் ஓயாமல் ஓடும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, அதற்குக் கீழே சலுகை விலையில் கிடைத்த யூனிட்டுகள் சிலவற்றுக்கும் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது. ஆகவே 490க்கும் 510க்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் 20 யூனிட் அன்று. கையில் பணம் சேரும்போது எதை முதலில் மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலை அதிகமானதை அன்று, அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள்.

எனவே சீலிங் ஃபேனிலிருந்து தொடங்குவோம். பல வீடுகளில் இரண்டு முறை காயில் கட்டிய பழைய ஃபேன்தான் இன்னும் சுற்றுகிறது. அது எவ்வளவு இழுக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். மின் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற அனைத்தையும் அணைத்துவிட்டு, ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் எண்ணுங்கள். 75 வாட் இழுக்கும் ஃபேன் என்றால் 20 முறை மின்னும். அதே இடத்தில் 30 வாட் இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனை (பிரஷ் இல்லாத மோட்டார் கொண்டது) மாட்டினால் 8 முறைதான் மின்னும். எங்கள் வீட்டுக் கூடத்தில் முதல் ஃபேனை மாற்றிய அன்று, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு நான் எண்ணிப் பார்த்தேன். அந்த எட்டைக் கண்ட பிறகு மற்ற இரண்டையும் மாற்றத் தயங்கவில்லை. நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 43 யூனிட் மிச்சமாகிறது. மூன்று ஃபேனுக்கு 130 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சாதாரண ஃபேனை விட விலை கூடுதல்தான், ஆனால் எல்லா நாளும் ஓடும் வீட்டில் அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏனெனில் இவ்வகை ஃபேனின் வேகத்தை ரிமோட்டால் அல்லது அதற்கென வரும் சுவிட்சால்தான் மாற்ற வேண்டும். மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குவதும் இதனால் கிடைக்கும் நன்மை.

அடுத்தது, ஆண்டு முழுவதும் அணையாத பிரிட்ஜ். இங்கே நட்சத்திரங்களை மட்டும் எண்ணி ஏமாறக் கூடாது. சாதனத்தின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தரும் நட்சத்திரங்கள் அந்தந்த வகைக்கும் கொள்ளளவுக்கும் உள்ளேயே ஒப்பிடப்படுபவை. பெரிய இரட்டைக் கதவுப் பெட்டியின் ஐந்து நட்சத்திரம், சிறிய ஒற்றைக் கதவுப் பெட்டியின் மூன்று நட்சத்திரத்தை விட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். லேபிளில் 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்று அச்சிட்டிருக்கும் எண்ணே நமக்கு வேண்டியது. அதே லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். தரவரிசை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய சரக்கின் ஐந்து நட்சத்திரம் இன்றைய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இருக்கலாம். பிரிட்ஜை மாற்ற வசதியில்லாதவர்கள், கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றினாலே போதும்.

ஏ.சி.யின் லேபிளில் உள்ள யூனிட் கணக்கு ஆண்டுக்கு 1600 மணி நேரத்துக்கானது. இரவு எட்டு மணி நேரம் வீதம் 200 நாள் ஓட்டுபவருக்கு ஐந்து நட்சத்திரம் பொருந்தும். அக்னி நட்சத்திரத்தை ஒட்டிய இரண்டு மாதம் மட்டும் போடுபவர் ஓட்டுவது 480 மணி நேரமே. மூன்று நட்சத்திர, ஐந்து நட்சத்திர ஏ.சி.களின் லேபிளில் 200 யூனிட் வித்தியாசம் இருந்தாலும் அவருக்கு மிஞ்சுவது 60 யூனிட்தான். அவர் மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது நல்லது என்பேன்.

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. காசிமேட்டில் என் அக்கா வீட்டு ஏ.சி.யின் வெளிப்பெட்டியில், உப்புக் காற்றில் நான்காம் ஆண்டிலேயே தகடுகள் பொடிந்து உதிர்ந்தன. வெப்பம் வெளியேற வழியின்றி இயந்திரம் நெடுநேரம் ஓடியதால், ஐந்து நட்சத்திரம் என்பது பெயரளவில்தான் நின்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ளவர்கள், செம்புக் குழாயும் அரிப்பைத் தாங்கும் பூச்சும் உள்ளதா என்று கேட்டு வாங்கி, வெளிப்பெட்டியைக் கடல் காற்று நேராக அடிக்காத சுவரில் மாட்டச் செய்ய வேண்டும்.

தொலைக்காட்சியில் திரை அளவு கூடக்கூட மின்சாரமும் கூடும். பார்த்து முடித்ததும் செட்டாப் பாக்ஸையும் சேர்த்துச் சுவிட்சிலேயே அணையுங்கள். சலவை இயந்திரத்தில் அதிகம் இழுப்பது தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர்தான். நம் ஊர்த் தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும்போது அது பெரும்பாலும் தேவைப்படாது.

கடையில் பணம் கட்டுமுன், மாடல் எண்ணைப் பணியகத்தின் ஸ்டார் லேபிள் செயலியில் தேடி, லேபிளில் உள்ள யூனிட்டும் செயலியில் உள்ள யூனிட்டும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.