மெமரி காட்டும் மச்சானும்: ஊருக்குக் குரல் பதியப் போகிறவர்களுக்கு

கிழவிகளின் பாட்டையும் கதையையும் பதிந்துகொண்டு வரலாம் என்று ரெக்கோடர் வாங்குகிறவர்கள் மைக்கைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். மெமரி காட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதைப் புறப்படுவதற்கு வெகு முன்பே வாங்கிவிடுங்கள். ஊர்ச் சந்தியில் எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். போலிக் காட் உறையிலும் கணினியிலும் 64 ஜிபி என்றே காட்டும், உள்ளே 8 தான் இருக்கும். அந்த 8 நிரம்பும்வரை ஒரு குறையும் தெரியாது.

போலியா என்று பார்க்க மென்பொருள் உண்டு: கணினி விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மக், லினக்ஸ் என்றால் எஃப்3. இரண்டும் இலவசம். காட்டை முழுதாக எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும். நேரம் எடுக்கும், ஓடவிட்டுப் படுங்கள்.

அளவு 32 ஜிபி போதும். சூம் நிறுவனத்தின் எச்1, எச்4என் போன்ற பழைய ரெக்கோடர்கள் அதற்கு மேல் ஏற்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஸ்டீரியோ வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) என்றால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. ஒலிக்கு நொடிக்கு 0.3 எம்பிகூட வராது, வேகமான காட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

சோதனை முடிந்ததும் ரெக்கோடருக்குள் போட்டு அதன் மெனுவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள். சூமின் எச்5, எச்6 இல் காட்டைச் சோதிக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது சரி என்று சொன்னாலும் எழுதும்போது பிழை வராது என்று உத்தரவாதமில்லை, சூமின் கையேடே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே வீட்டில் இரண்டரை மணித்தியாலம் தொடர்ந்து பதிந்து பாருங்கள். பல கருவிகள் 2 ஜிபியில் கோப்பை வெட்டி அடுத்ததைத் தொடங்கும். அந்த வெட்டில் ஒரு சொல்லாவது விழுந்துபோகிறதா என்று ஹெட்போனில் கேளுங்கள்.

இவ்வளவும் செய்த காட்டைத்தான் நான் கொண்டுபோனேன். மச்சானைச் சோதிக்க ஒரு மென்பொருளும் இல்லை.

அவனுடைய மகளின் சாமத்திய வீடு. முதல் நாள் மாலைதான் அம்மம்மா திண்ணைக் கப்போடு சாய்ந்திருந்து, தன் தமையனுக்குச் சொன்ன ஒப்பாரியை முழுதாகச் சொல்லியிருந்தா. வெற்றிலையைத் துப்பிவிட்டு, கண்ணைத் துடைக்காமல், நடுவில் ஒரு வரி மறந்து திரும்பத் தொடங்கி. அடுத்த நாள் விடிய மச்சான் வந்து நின்றான். போனில் இடமில்லையாம், வீடியோ எடுக்க வேணுமாம். "ஒரு மணித்தியாலம்தான் மச்சான், உன்ரை காட்டைத் தா." இன்னும் கணினிக்குப் போடவில்லை என்றேன். "வெளிநாட்டிலை இருந்து வந்து ஒரு காட்டுக்கும் கணக்குப் பாக்கிறியோ?" சபை பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மூன்று தெருவுக்குக் கேட்கக் குடு என்றா. இத்தனை வருடம் ஒரு நல்லது கெட்டதுக்கும் வராதவன் அந்த இடத்தில் என்ன வாதாடுவது?

போனின் உள்சேமிப்பாக வைக்கவா என்று போன் கேட்டிருக்கிறது, இவன் ஓம் என்று அழுத்தியிருக்கிறான். ஆண்ட்ராய்டில் அப்படிச் செய்தால் காட் அழிந்து, அந்தப் போனுக்கு மட்டும் விளங்கும்படி குறியாக்கமாகிவிடும். தவறுதலாக அழித்த வேவ் கோப்புகளை ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும், காட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாதிருந்தால். கோப்பின் பெயர் மட்டும் போய்விடும். என் காட்டில் அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அப்பம்மான்ரை பாட்டுத்தானே, திரும்பப் பாடச் சொன்னாப் பாடுவா" என்றான். அம்மம்மா பாடவில்லை. நல்ல காரியம் நடந்த வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாதாம். "அடுத்த முறை வா, சொல்லுறன்." எனக்கு லீவு முடிந்திருந்தது.

ஆகவே, கொண்டாட்டம் உள்ள வீட்டில் ஒப்பாரியைக் கேட்பதென்றால் பந்தல் போடுவதற்கு முன்பே கேளுங்கள். பதிந்த இரவே, மின்சாரம் இருக்கும்போதே, மடிக்கணினிக்கும் இன்னொரு காட்டுக்கும் பிரதி எடுங்கள். மைக்ரோ எஸ்டி என்ற சின்னக் காட்டில், தவறுதலாக அழிபடாமல் தடுக்கும் பூட்டு இல்லை. பதிந்து முடிந்ததைப் பெரிய அடாப்டருக்குள் போட்டுப் பக்கத்துப் பொத்தானைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டுத்தான் கணினியில் சொருகுங்கள். பதிவு நிற்குமுன் பற்றரியைக் கழற்றாதீர்கள், கோப்பின் தொடக்கத்தில் இருக்கவேண்டிய தகவல் (ஹெடர்) எழுதப்படாமல் போகும். கொடுப்பதற்கென்றே வெறும் காட் நாலைந்து பெட்டியில் இருக்கட்டும். சொக்கிலேற்றைவிட அதற்குத்தான் இப்போது ஊரில் மவுசு.