வரப்பில் பழகிய கால்களோடு எரிமலை ஏற

மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேடு என்றால் ஆற்றங்கரையும் பாலமும்தான். அந்தக் கால்களோடு நாங்கள் நான்கு பேர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய் பாத்தூர் எரிமலையில் ஏறி இறங்கினோம். உயரம் 1,717 மீட்டர். மூச்சுத் திணறும் உயரம் இல்லை, ஆனால் தயாராகாமல் போகிற மலையும் இல்லை.

முதலில் மாதம். அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் மே மாதம்தான் தோது. உளுந்து வீட்டுக்கு வந்திருக்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலையை விட்டு யார் நகர முடியும்? திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய் விமானம் மாறலாம்.

ஆறு வாரம் முன்பே படி ஏறத் தொடங்குங்கள். சுவாமிமலையின் 60 படிகளில் ஆரம்பித்து, திருச்சி உச்சிப்பிள்ளையார், பிறகு குளித்தலை அருகே ஐயர்மலையின் 1,017 படிகள். இறங்கும்போது கைப்பிடியைத் தொடாமல் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான்.

ஏனென்றால் பாத்தூரின் மேல்பகுதி முழுக்கச் சரளை. ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செங்கல் சூளையில் உருகிப்போன கல்லைப் போலக் கருப்பாக, பொத்தல் பொத்தலாக இருந்தது. எரிமலைக் குழம்பிலிருந்த வாயு வெளியேறிய துளைகள் அவை. ஓரமெல்லாம் கூர்மை. இதன்மேல் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். இறங்கும்போது முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகாலைச் சரளைக்குள் புதைத்து, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பயந்து பின்னால் சாய்ந்தால் உட்கார்ந்துவிடுவீர்கள். கல் உருண்டால் கீழே இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள்.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். கச்சிதமாகப் புது ஷூ வாங்கிவந்த நண்பனுக்கு இறக்கத்தில் விரல் முட்டி முட்டி இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துவிட்டன. விளக்கு நெற்றியில் கட்டுவதாக இருக்கட்டும். கைகள் ஊன்றுவதற்கு வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்றுச் சட்டை, ஒரு ஸ்வெட்டர். வியர்த்த சட்டையோடு உச்சியில் நின்றால் பல் கிட்டும். அம்மா பிடித்துத் தந்த பொருள்விளங்காய் உருண்டை இரண்டுதான் விடிகாலைப் பசிக்கு எனக்குத் துணை.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். முதல் நாளே எரிமலையின் எச்சரிக்கை நிலையைக் கேளுங்கள். அங்கே ஏறுவரிசையில் நான்கு நிலைகள்: நோர்மால் (இயல்பு), வஸ்பாதா (கவனம்), சியாகா (ஆயத்தம்), ஆவாஸ் (ஆபத்து). முதல் நிலையைத் தாண்டியிருந்தால் திட்டத்தை மாற்றிவிடுங்கள், பணம் போனாலும் சரி. பாத்தூர் 2000-ஆம் ஆண்டில்கூட வெடித்திருக்கிறது.

விடிகாலை நான்கு மணிக்கு ஏறத் தொடங்கினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நண்பர்களோடு போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்துங்கள். முதல் அரை மணி நேரம் நாங்கள் இதைச் செய்யவில்லை. முன்னால் போன இருவர் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்தங்கியவன் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஓய்வே கிடைக்காத அவன், "நீங்கள் போங்கள் மாப்பிள்ளை, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றான். அவனை முன்னால் விட்ட பிறகு நால்வரும் சேர்ந்தே உச்சியைத் தொட்டோம்.

மேலே பாறை இடுக்குகளில் ஆவி வரும். வழிகாட்டிகள் அதில் முட்டை அவித்துத் தருவார்கள். நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம், சுட்டுவிடும். வானம் தெளிந்திருந்தால் கிழக்கே கடலுக்கு அப்பால் லோம்போக் தீவின் ரிஞ்சானி மலை தெரியும். கீழே பாத்தூர் ஏரி. அந்தத் தீவின் உழவர்கள் வயலுக்கு வரும் தண்ணீரை அந்த ஏரியின் தேவியான தேவி தானு தருவதாக வணங்குகிறார்கள். ஆடிப்பெருக்கில் காவிரிக்குக் காதோலை கருகமணி விடும் ஊர்க்காரர்கள் நாங்கள். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

1926 வெடிப்பில் அடிவாரக் கிராமம் புதைந்த பிறகு, தேவியின் கோயிலை மேலே, எரிமலையையும் ஏரியையும் சுற்றியிருக்கும் பெரும்பள்ளத்தின் விளிம்புக்கு மாற்றிக் கட்டினார்கள். இறங்கியதும் கால் வலியைப் பார்க்காமல் அங்கேயும் போங்கள். இடுப்பில் சாரோங் என்கிற கைலி போன்ற துணியும், அதன்மேல் கச்சும் கட்ட வேண்டும்.