சீனி ஏன் சிவக்க மறுக்கிறது? பெனடிக்ட் சோதனை செய்முறை

குளுக்கோஸும் இனிக்கும், கடைச் சீனியும் இனிக்கும். நாக்கு ஏமாறலாம், பெனடிக்ட் கரைசல் ஏமாறாது. காப்பர் சல்பேட், சோடியம் கார்பனேட், சோடியம் சிட்ரேட் மூன்றும் கலந்த நீலக் கரைசல் அது. ஒடுக்கும் சர்க்கரை, அதாவது எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடிய சர்க்கரை இருந்தால், அது கரைசலில் உள்ள தாமிர அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, அதைக் குப்ரஸ் ஆக்சைடு என்ற செந்நிறப் பொடியாகப் படிய வைக்கும். செங்கல் நிறம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் மூன்று சோதனைக்குழாய்களில் தலா 2 மி.லி. பெனடிக்ட் கரைசல் எடுங்கள். ஒன்றில் குளுக்கோஸ் கரைசல், இன்னொன்றில் சீனிக் கரைசல், மூன்றாவதில் வெறும் தண்ணீர், எல்லாம் எட்டுப் பத்துச் சொட்டு. வெறும் தண்ணீர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்; நிறத்தை ஒப்பிட அது வேண்டும்.

மூன்றையும் கொதிக்கும் தண்ணீர் உள்ள பீக்கரில் 5 நிமிடம் நிறுத்துங்கள். நேரடித் தீயில் காட்டினால் கரைசல் பொங்கி முகத்தில் தெறிக்கும். குளுக்கோஸ் குழாய் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் சிவக்கும். சர்க்கரை குறைவாக இருந்தால் பச்சையோடு நின்றுவிடும், அதுவும் 'ஆம்' என்றுதான் பொருள். சீனி நீலமாகவே இருக்கும்.

சீனி என்பது சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், ஒடுக்கும் வேலையைச் செய்ய வேண்டிய கார்பன்கள் வழியாகவே கைகோத்திருப்பதால் இரண்டுமே பூட்டிக் கிடக்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸும் இரட்டைச் சர்க்கரைதான், ஆனால் அதில் ஒரு முனை திறந்திருக்கிறது, அதனால் ஒடுக்கும்.

சரி, பூட்டை உடைப்போம். புதிய குழாயில் 2 மி.லி. சீனிக் கரைசலோடு சில சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கொதிநீரில் 5 நிமிடம் வையுங்கள். ஆறியதும் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள், நுரை நிற்கும்வரை. முதல் முறை நான் இதை மறந்து, நீலத்தையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். பெனடிக்ட் காரத்தில்தான் வேலை செய்யும். மிச்சமிருக்கும் அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிடும்.

அப்புறம் இதிலிருந்து பத்துச் சொட்டு எடுத்து, புதிதாக 2 மி.லி. பெனடிக்ட் கரைசலில் விட்டு மறுபடி சூடாக்குங்கள். இந்த முறை சீனியும் சிவக்கும்.

ஒன்று மட்டும்: தெரியாத மாதிரியை அமிலம் சேர்க்காமலும் ஒருமுறை சோதியுங்கள். அப்போதே சிவந்தால் ஒடுக்கும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. தேன் அப்படித்தான்.